அலையின் நேரமும் கூட்டத்தின் நேரமும்

சனிக்கிழமை பகல் இரண்டு மணி சுமாருக்கு, சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கடற்கரை விடுதிகளுள் எதன் வரவேற்புக் கூடத்தில் நுழைந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் காணலாம். பெட்டியின் மேல் தலை சாய்த்து உறங்கும் குழந்தை, காற்றடைத்த ரப்பர் வளையத்தை வீட்டிலிருந்தே இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்துவிட்ட சிறுவன், முழங்கால் வலியோடு உட்கார இடம் தேடும் பாட்டியார், அடையாள அட்டையின் படத்தைக் கைப்பேசியில் துழாவிக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவர், "ரூம் ரெடியாகிக்கிட்டே இருக்கு சார், பதினைந்து நிமிஷம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் குரல் வறண்டுபோன வரவேற்பாளப் பெண் - இப்படி இத்தனை பேரும் அங்கே சற்றே மனக்கசப்புடன் காத்திருக்க, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தென்னை வரிசைக்கும் அப்பால், வங்கக் கடல் ஆளில்லாமல் அலையடித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் காட்சியைப் பல வருஷங்களாக, பள்ளி விடுமுறைதோறும் குழந்தை குட்டிகளுடன் சென்று பார்த்துப் பார்த்து, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கூட்டம் நிறைந்த குடும்ப விடுதியில் ஒருவருக்குச் சௌகரியம் கிடைப்பதும் கிடைக்காததும் அவர் கொடுக்கும் வாடகையைவிட, அவர் எந்த நேரத்தில் எந்தக் காரியத்தைச் செய்கிறார் என்பதையே பெரும்பாலும் பொறுத்திருக்கிறது. ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி, பத்தரை மணிக்கு நீச்சல் குளம், ஐந்து மணிக்குக் கடற்கரை, எட்டரை மணிக்கு இரவு உணவு என்று கூட்டத்துக்கு ஒரு நேரம் உண்டு. கடலுக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் வேறொரு நேரம் உண்டு. முன்னதை விட்டுப் பின்னதைப் பற்றிக்கொள்ளும் குடும்பத்துக்கு, நிரம்பி வழியும் விடுதியும் பாதி காலியாகக் கிடப்பதுபோல் தோன்றும்.

முதலில் எந்த நாளில் போவது என்பதைச் சொல்ல வேண்டும். பள்ளிக் குழந்தைகள் உள்ள வீட்டாருக்குக் காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளை விட்டால் வேறு வழியில்லை. ஆயினும் விடுமுறைக்குள்ளேயே ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ச் செவ்வாய்க்கிழமை திரும்புகிறவர்களுக்கும், வெள்ளிக்கிழமை இரவு போய் ஞாயிறன்று திரும்புகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. புது வருஷப் பிறப்பும் காணும் பொங்கலும் கடற்கரை முழுவதும் ஜனசமுத்திரமாகும் நாட்கள்; வயோதிகர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்ல அவை தகுந்தவையல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் காலம். 2022 டிசம்பர் 9 அன்று இரவு மாண்டஸ் புயல் இந்த மாமல்லபுரத்தின் அருகேதான் கரையைக் கடந்தது. ஆகவே அம்மாதங்களில் அறை பதிவு செய்கிறவர்கள், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா என்பதை வாய்மொழியாகக் கேட்பதோடு நில்லாமல் எழுத்தில் பெற்றுக்கொள்வது உத்தமம். ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை காற்றும் நீரும் இதமாக இருக்கும். என்னைக் கேட்டால் இந்தக் கரைக்கு அதுவே சிறந்த பருவம்.

அறையைப் பதிவு செய்யுமுன் விடுதிக்கே ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுவது, படங்களைப் பார்த்து மயங்குவதைக் காட்டிலும் பன்மடங்கு பிரயோஜனமுள்ள காரியம். வாடகையைச் சொல்லும்போது 'சி.பி.' என்றால் அறையும் காலைச் சிற்றுண்டியும், 'எம்.ஏ.பி.' என்றால் அவற்றோடு இன்னொரு வேளை உணவும், 'ஏ.பி.' என்றால் மூன்று வேளையும் அடங்கும் என்று பொருள், 'இ.பி.' என்பது வெறும் அறை மாத்திரம். குழந்தைக்கு எத்தனை வயது வரை கட்டணமில்லை, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, அந்தக் கூடுதல் படுக்கை கட்டிலா அல்லது தரையில் விரிக்கும் மெத்தையா என்பவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வரி விஷயத்தையும் கவனிக்க வேண்டும்: 2025 செப்டம்பர் முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமும் சரக்கு மற்றும் சேவை வரி உண்டாகையால், 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் உள்ள வேறுபாடு வெறும் 200 ரூபாய் என்று எண்ணிவிடலாகாது, வரியோடு சேர்த்துக் கணக்கிட்டால் அது ஓர் இரவுக்கு 1,200 ரூபாயைத் தொட்டுவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது. அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. "அன்றைக்கு உங்கள் புல்தரையில் கல்யாண வரவேற்போ, கம்பெனி விருந்தோ ஏதாவது நடக்கப்போகிறதா?" என்பதே அது. இந்தச் சாலையிலுள்ள விடுதிகளில் கல்யாணங்கள் மிகுதி. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அறை அமைந்துவிட்டால், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு அந்த இரவு தண்டனையாகிவிடும். அவ்வாறே சமையற்கட்டு, ஜெனரேட்டர், துணி வெளுக்கும் இடம் ஆகியவற்றுக்குத் தூரமாகவும், வயதானவர்கள் இருந்தால் தரைத்தளத்திலும், இரண்டு குடும்பங்களாகப் போனால் அடுத்தடுத்த அறைகளாகவும் வேண்டும் என்று முன்னதாகவே சொல்லி வைத்தால், விடுதிக்காரர்கள் கூடுமானவரை செய்து கொடுக்கிறார்கள். இதை வந்து இறங்கிய பிறகு, கூட்டத்தின் நடுவே நின்று கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய இயலாது.

பெரும்பாலான விடுதிகளில் அறை கொடுக்கும் நேரம் பகல் இரண்டு மணி. நாங்கள் பன்னிரண்டு மணிக்கே போய்விடுவோம். குளிக்கும் உடை, இரண்டு துண்டு, மாற்றுத்துணி, மருந்து இவற்றை மட்டும் தனியே ஒரு சிறு பையில் வைத்துக்கொண்டு, பெரிய பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, பதிவுக் காகிதங்களில் கையெழுத்தையும் இட்டுவிட்டால், பிறகு அறை எப்பொழுது கிடைத்தாலும் கவலையில்லை. அடையாள அட்டை பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அறைக்குள் போனதும் குழந்தைகள் கட்டிலில் ஏறிக் குதிப்பார்கள். பெரியவர்கள் அப்போது செய்ய வேண்டியது வேறு. பால்கனிக் கதவின் தாழ் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, கைப்பிடிச் சுவரின் அருகே ஏறி நிற்கத்தக்க நாற்காலி கிடக்கிறதா, குளியலறைத் தரை வழுக்குகிறதா, கீசரின் நீர் எவ்வளவு சூடாக வருகிறது, தரைத்தள அறையானால் கதவைத் திறந்தவுடன் நீச்சல் குளம் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது - இவற்றையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். கடற்கரையிலிருந்து சாலைக்குப் போகும் வழி எது என்பதையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. 2004 டிசம்பர் 26 காலையில், ஆழிப்பேரலைக்கு முன், இந்தக் கரையில் கடல் உள்வாங்கி, அதுவரை கண்டிராத பாறைகள் வெளியே தெரிந்தன. கடல் அவ்விதம் திடீரென்று பின்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லித்தான் வைத்திருக்கிறோம்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் பதினொரு பேர் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். விடுமுறைக் காலம், நீச்சல் குளத்தில் கால் வைக்க இடமில்லை. குளத்தைச் சுற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏழு பேர் அமர்ந்திருந்தோம். என் தங்கையின் மகள், அப்போது நான்கு வயது, குளத்தின் படியில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து ஒரு காகிதக் கோப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை கை நழுவி மிதந்து போயிற்று. அதை எட்டிப் பிடிக்கக் கீழ்ப்படியில் கால் வைத்தவள் அதற்கும் கீழே போய்விட்டாள். சத்தம் இல்லை. கூக்குரல் இல்லை. நீரைக் கைகளால் அடித்துக்கொண்டு கத்துவார்கள் என்று நாம் கதைகளிலும் சினிமாவிலும் பார்த்த எதுவும் நடக்கவில்லை. தலைமுடி மாத்திரம் நீர்மட்டத்தில் விரிந்து மிதந்தது. எங்களில் ஒருவரும் அதைக் காணவில்லை. பக்கத்தில் தன் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த, எங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாத ஓர் அம்மாள்தான் துண்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து குழந்தையின் மேற்கையைப் பிடித்துத் தூக்கினார். குழந்தை இருமினாள், அழுதாள், சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாள். கோப்பை அப்போதும் மிதந்துகொண்டேயிருந்தது.

ஏழு பேர் இருந்தும் ஏன் காணவில்லை என்று அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஏழு பேர் இருந்ததனால்தான் காணவில்லை. ஒவ்வொருவரும் மற்ற அறுவரில் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நிச்சயமாக நம்பினோம். மறுநாளே மாமல்லபுரக் கடைத்தெருவில் ஒரு மஞ்சள் நிறத் துணித் தொப்பி வாங்கினோம். அன்றுமுதல் எங்கள் குழந்தைகள் நீரில் இருக்கும்போது, பெரியவர்களில் ஒருவர் தலையில் அந்தத் தொப்பி இருக்க வேண்டும். தொப்பி அணிந்தவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, சம்பாஷணையில் கலந்துகொள்ளக் கூடாது, காப்பி குடிக்கவும் கூடாது. கண் நீரிலேயே இருக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். மாறும்போது வாங்குகிறவர் "தொப்பி என்னிடம்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கொடுக்கிறவர் எழுந்திருக்கலாம். விடுதியில் உயிர்காக்கும் பணியாளர் இருப்பார். அவர் தம் கடமையைச் செய்கிறவரே. ஆனால் அறுபது குழந்தைகளுக்கு அவர் ஒருவர்; நம் குழந்தைக்கு நாம்.

குழந்தைகளின் குளியல் உடைக்கு நீலமும் வெண்மையும் வேண்டாம். அவை நீரின் நிறத்தில் கரைந்துவிடும். ஆரஞ்சு, சிவப்பு போன்ற கண்ணைப் பறிக்கும் நிறங்களே ஏற்றவை. குளத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் ஆழத்தின் அளவைப் படித்துக் குழந்தையின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மது அருந்தியவர் எத்தனை தேர்ந்த நீச்சல்காரரானாலும் குளத்திலும் இறங்க வேண்டாம், கடலிலும் இறங்க வேண்டாம்.

கடல் குளத்தைப் போன்றதல்ல. நம் கீழைக்கரையில் பல இடங்களில் தரை படிப்படியாக ஆழமாகாமல், முழங்கால் அளவு நீரிலிருந்து இரண்டே எட்டில் மார்பளவுக்கு இறங்கிவிடுகிறது. அலைகளும் கரைக்கு மிக அருகில் வந்து மடிந்து விழுகின்றன. கடற்கரைக் கோயிலைச் சுற்றிலும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் அருகே நீர் சுழித்து இழுக்கும். அங்கே இறங்கவே கூடாது.

ஒருநாள் விடிகாலையில், விடுதிக்குப் பின்புறக் கரையில், அலை பெரிதாக இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் குழந்தைகளை இறக்கப்போனேன். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு வீட்டு வாசல் அகலத்துக்கு நீர் சமனாகக் கிடந்தது. வலை உதறிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"ஐயா, அங்க எறக்காதீங்க புள்ளைங்கள" என்றார்.

"ஏன் பெரியவரே, அங்கேதானே அலை இல்லை?"

"அலை இல்லேன்னுதான் எல்லாரும் எறங்குறாங்க. ரெண்டு பக்கமும் வர்ற தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போவுது. பாருங்க."

மணலில் கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து அந்தச் சமனான நீரில் எறிந்தார். அது ஒரு கணம் ஆடி நின்றது. பிறகு, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல், அலைகளுக்கு எதிர்த்திசையில், நேரே ஆழ்கடலை நோக்கிப் போகத் தொடங்கிற்று. நாங்கள் அதன் உருவம் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். "பாப்பா, பாத்துக்கிட்டியா?" என்று என் பெண்ணின் தலையில் கை வைத்துக் கேட்டுவிட்டு அவர் வலைக்குத் திரும்பினார்.

அந்தத் தேங்காய் மட்டை எனக்குக் கற்பித்ததை ஒரு புத்தகமும் கற்பித்ததில்லை. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய நீர் எவ்வழியாகவாவது திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே பள்ளம் கிடைத்தால் அதன் வழியே குறுகிய ஆறாகப் பாய்ந்து திரும்புகிறது. அவ்விடத்தில் அலை உடைவதில்லை. மணல் கலங்கி நீரின் நிறம் மாறியிருக்கும். நுரை வெளிநோக்கிப் போகும். இந்த நீரோட்டத்தில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். பெரிய நீச்சல் வீரர்களாலும் சில சமயங்களில் அதை எதிர்க்க முடிவதில்லை. பதறாமல் மிதந்துகொண்டு, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த ஓட்டம் குறுகியதாகையால் அதைவிட்டு விலகிவிடலாம். பிறகு அலைகளே கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். கரையில் நிற்கும் உறவினர் ஒருவர் பின் ஒருவராகக் குதித்து உதவப் போவதுதான் பல குடும்பங்களில் பெருந்துயரத்துக்குக் காரணமாயிருக்கிறது. மிதக்கும் பொருள் எதையாவது எறிந்துவிட்டு, மீனவர்களையும் விடுதியின் உயிர்காப்பாளரையும் உரக்கக் கூப்பிட வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும்.

ரப்பர் வளையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடைக் காலத்தில் காலை வேளைகளில் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அப்போது கடல் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருப்பதால், குழந்தையை வளையத்தில் உட்காரவைத்து விடலாம் என்ற ஆசை எழும். அந்தக் காற்று காற்றடைத்த வளையத்தைச் சில நிமிஷங்களில் கைக்கெட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். வளையம் குளத்தோடு நிற்கட்டும். கடலில் நீராட வேண்டுமென்கிற ஆவல் அதிகமுள்ளவர்கள், 2021-இல் சர்வதேச நீலக் கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரைக்குப் போய், அனுமதித்த இடத்தில் மட்டும் குளிக்கலாம்.

ஜெல்லி மீன் சில பருவங்களில் கரைக்கு வரும். மணலில் கண்ணாடிக் களிபோல் கிடப்பதைக் குழந்தைகள் கையால் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே அலம்பி, மருத்துவரிடம் காட்டலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. சிற்றுண்டிக் கூடத்தைத் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். ஏழரைக்குத் திறந்தால் ஏழரைக்கே. அப்போதுதான் இட்லி ஆவி பறக்க வரும், தோசைக் கல்லின் முன் வரிசை இராது, பாட்டியாருக்கு ஜன்னலோர இடம் கிடைக்கும். ஒன்பது மணிக்குப் போகிறவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மீன் பிரியர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கீழைக்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு, ஆனால் அந்தத் தடை சிறு படகுகளுக்கு இல்லையாகையால், அன்று காலை கரையேறிய மீன் கோடையிலும் இங்கே கிடைக்கும். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தாமாகவே சேர்த்திருந்தால், அதை எடுத்துவிடும்படி மரியாதையாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அவ்வாறு வழிகாட்டியிருக்கிறது. அந்தப் பணத்தை அறையைச் சுத்தம் செய்த பெண்மணியின் கையில் நேரே கொடுப்பதில்தான் எனக்குத் திருப்தி. அவரும் தோட்டக்காரரும் காவலாளியும் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்தவர்கள். கடல் இன்றைக்கு எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் நடக்கலாம் என்பதை அவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினால் தெரிந்துகொள்ளலாம்.

பத்து மணி முதல் நாலு மணி வரை வெயிலுக்கு உரிய நேரம். தரை கடலைவிட விரைவில் சூடேறுகிறது. சூடேறிய தரையின் மேலுள்ள காற்று எழும்ப, அதன் இடத்துக்குக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று புகுகிறது. நண்பகலை ஒட்டித் தொடங்கும் இந்தக் கடற்காற்றைத்தான் நம் முன்னோர் கொண்டல் என்றார்கள். அது வந்துவிட்டால் உடம்புக்கு வெப்பம் தெரியாது. தெரியாததனாலேயே தோல் வெந்துபோவதையும், உடம்பில் நீர் வற்றுவதையும் நாம் உணர்வதில்லை. ஆகவே அந்த நேரத்தில் உப்பிட்ட மோரோ இளநீரோ குடித்துவிட்டு, திரையை இழுத்து மூடி, குடும்பத்தோடு படுத்து உறங்குவதுதான் சரி. எல்லோரும் குளத்தில் நெரிசல்படும் வேளையும் அதுதான். மணலோடு வரும் குழந்தையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டேயிருப்பதைக் காட்டிலும், முதலில் காயவிட்டு, கை கால்களில் சிறிது முகப்பவுடர் தூவித் தட்டிவிட்டால் மணல் தானே உதிர்ந்துவிடும்; குளியலறைச் சாக்கடையும் அடைபடாது.

விடுதிக்குள்ளேயே அடைந்து கிடந்துவிட்டுத் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற பல்லவர் சிற்பங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காலை ஆறு மணிக்கே பார்க்கலாம். ஒரே சீட்டில் இரண்டையும் பார்த்துவிடலாம். கீழ்வானத்துச் செம்மை அந்தக் கருங்கல்லின் மேல் விழும் அரைமணி நேரத்தில், பத்து மணிக்குப் பேருந்துகளில் வந்து இறங்கும் கூட்டம் இன்னும் சென்னையைவிட்டே புறப்பட்டிராது. சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில், ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து 2005-இல் அகழ்ந்தெடுத்த முருகன் கோயில் இருக்கிறது. பல்லவர் காலக் கற்கட்டடத்துக்கு அடியில் அதற்கும் முந்திய செங்கற் கட்டடத்தைக் கண்ணால் காணலாம். அங்கே கூட்டமே இராது. குழந்தைகளுக்கு, ராமுலஸ் விட்டேகர் 1976-இல் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணையைப் போல் பிடித்த இடம் வேறில்லை. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் பழைய தென்னாட்டு வீடுகளைக் காணலாம். அது செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் இரவு வேளைகளில் பங்குனி ஆமைகள் ஏறி வந்து மணலில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. ஏறத்தாழ ஐம்பது நாட்களில் குஞ்சுகள் வெளிவந்து, ஒளி அதிகமுள்ள திசையே கடல் என்று நம்பி அத்திசையில் ஊர்ந்து போகும். பல யுகங்களாக அந்த ஒளி, இரவு வானம் கடலின் மேல் பிரதிபலித்த ஒளியாகவே இருந்தது. இன்று விடுதி விளக்குகள் அதைவிடப் பிரகாசமாக இருப்பதால், அந்தப் பிஞ்சு உயிர்கள் எதிர்த்திசையில் வந்து சாலையிலும் புல்தரையிலும் மடிகின்றன. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். கடல் பார்த்த அறையில் தங்கும் நாம் செய்யக்கூடியது மிகச் சிறிது: அம்மாதங்களில் இரவு பால்கனி விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிடுவது; கரையில் நடக்கும்போது டார்ச் அடிக்காமலும் 'பிளாஷ்' போட்டுப் படம் எடுக்காமலும் இருப்பது. இதைக் குழந்தைகளிடம் சொன்னால், விளக்கை அணைக்கும் பொறுப்பை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள்.

புறப்படும் நாளில் பதினொரு மணிக்கு வரவேற்பறையில் மறுபடியும் அதே நெரிசல். முந்தின இரவே கணக்கைப் பார்த்து, குடிக்காத பானத்துக்கும் சொல்லாத சலவைக்கும் தொகை ஏறியிருக்கிறதா என்று சோதித்துப் பணத்தையும் செலுத்திவிட்டால், காலை முழுவதும் நமக்கே மிஞ்சும். அப்படி மிஞ்சிய ஒரு காலையில், சென்ற மே மாதம், ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிட, நாங்கள் கரையில் இருந்தோம். விடுதி உறங்கிக்கொண்டிருந்தது. படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வலையிலிருந்து பிரித்தெடுத்த சங்கராவும் நெத்திலியும் கூடைகளில் மின்னின. அன்று குளத்தின் படியிலிருந்து நீருக்குள் போய்விட்ட அந்தக் குழந்தை இப்போது பத்து வயதுப் பெண், நன்றாக நீந்துவாள். கணுக்கால் அளவு நீருக்கு வந்தவள் அங்கேயே நின்று, திரும்பிப் பார்த்து, எங்களை ஒவ்வொருவராகக் கண்ணால் எண்ணினாள்.

"மாமா, தொப்பி யார்கிட்ட?" என்று கேட்டாள்.

"என்னிடம்" என்று சொல்லித் தலையில் வைத்துக்கொண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வைத்தாள்.